எட்டுச் சொட்டு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மரியபுஷ்பம் எனக்கு விஷம் வைக்கிறாள் என்று நான் சொன்னதாக இந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சர்க்கரை கலக்கிறாளோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னேன். விஷம் வேறு, சர்க்கரை வேறு. முப்பத்து நான்கு வருடம் உயிரியல் நடத்தியவள் இரண்டையும் குழப்ப மாட்டேன். எதிர்வீட்டு ஆக்னஸ் குழப்புவாள். ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே நின்று அவளிடம் வாய் திறந்தது என் தவறு. இன்று காலை நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்தபோது மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துச் சாப்பிடுங்க டீச்சர்" என்றார்கள்.

பின்னால் யாரும் திரிக்கக் கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பள்ளித் தலைமையாசிரியை சிஸ்டர் டெல்பின், பிளஸ் ஒன் மாணவிகளுக்காக உயிர் மூலக்கூறுகள் பற்றி ஒரு கையேடு எழுதித் தரக் கேட்டார். இப்போதுள்ள ஆசிரியைகள் நிறமாற்றத்தைச் செல்போனில் காட்டுகிறார்களாம். என் கண்ணால் பார்க்காத நிறத்தைப் பற்றி நான் எழுதுவதில்லை. ஆகவே பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய மரப்பெட்டியை வெளியே எடுத்தேன். சோதனைக் குழாய்கள், மரக்கவ்வி, ஸ்பிரிட் விளக்கு, சொட்டுக்குழாய். என் கணவர் இராயப்பனுக்காக வாங்கியவை. அவருக்குச் சர்க்கரை நோய். 1986 முதல் 1997இல் அவர் இறக்கும்வரை தினமும் காலையில் அவருடைய சிறுநீரை நானே சோதித்தேன். ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு மாதிரி, இரண்டு நிமிடம் கொதி. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து புதிய கரைசல் வரவழைத்தேன். முதலில் நீலத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று என்னுடைய மாதிரியையே எடுத்தேன்.

ஆரஞ்சு வந்தது.

மூன்று நாள் செய்தேன். மூன்று நாளும் ஆரஞ்சு.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அவர் போன நாளிலிருந்து நான் காப்பிக்குக்கூடச் சீனி போடுவதில்லை. எனக்குத் தெரிந்து ஒரு சிட்டிகையும் உள்ளே போகவில்லை என்றால், எனக்குத் தெரியாமல் போகிறது. இந்த வீட்டில் அடுப்பைத் தொடுகிறவள் ஒருத்திதான். அவள் வந்து முப்பத்தொன்பது வருடம் ஆகிறது. அதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது.

பிப்ரவரி 15, வியாழன்

டாக்டர் ஷீபாவிடம் போனேன். என் பழைய மாணவி. விரலைக் குத்தி ஒரு சிறிய கருவியில் வைத்தாள்.

"தொண்ணூத்தெட்டு. நார்மல் டீச்சர்."

"அந்தக் கருவியை யார் சோதித்தது?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு என் ஆரஞ்சைப் பற்றிச் சொன்னேன்.

"சீனி சாப்பிட்டா மட்டும் யூரின்ல வராது டீச்சர். ரத்தத்துல நூத்தியெண்பது தாண்டணும். நீங்கதான் எங்களுக்கு நடத்துனீங்க."

வயதானவர்களுக்கு அந்த வரம்பு இறங்கியிருக்கலாம் என்றேன்.

"ஏறும். இறங்காது. வேற மருந்து, டானிக் ஏதாவது எடுக்கிறீங்களா?"

இல்லை என்றேன். அது உண்மை. பொங்கலுக்குப் பிடித்த சளி விடவில்லை என்று தினமும் காலையில் ஒரு தம்ளர் நெல்லிக்காய்ச் சாறு குடிக்கிறேன். அது மருந்தாகாது.

ஷீபா பரீட்சையில் சிறுநீரகத்தின் நெஃப்ரானைத் தலைகீழாக வரைந்தவள். அதை அவளுக்கு நினைவூட்டவில்லை.

பிப்ரவரி 17, சனி

சமையலறை மேடையில் வைத்தே சோதனைகளைச் செய்தேன். அவள் பார்க்கட்டும் என்றுதான்.

பாலில் அயோடின் விட்டேன். நீலக்கறுப்பு வரவில்லை, ஆகவே மாவு கலக்கவில்லை. பிறகு பாலைப் பெனடிக்ட் கரைசலில் கொதிக்க வைத்தேன். நிறம் மாறிச் செம்மஞ்சளானது. மரியபுஷ்பம் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர், செவந்துட்டு?"

"பாலில் இயல்பாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அது உன் குற்றம் இல்லை."

"அப்ப எது என் குத்தம்?"

அடுத்த குழாயை எடுத்தேன். வெறும் காப்பி, சீரகத் தண்ணீர், கீரை வெந்த தண்ணீர் எல்லாம் நீலம். சீனியில் இருக்கும் சுக்ரோஸ் இந்தக் கரைசலுக்குப் பிடிபடாது. இரண்டு சர்க்கரைகள் கைகோத்துக்கொண்டு ஒடுக்கும் முனைகளை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைத்து, அந்தப் பிணைப்பை உடைத்து, சோடா உப்பால் அமிலத்தைப் போக்கி மறுபடி சோதித்தேன். அப்போதும் நீலம்.

சனிக்கிழமை சோதிப்பேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

பிப்ரவரி 19, திங்கள்

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை என்கிறார். போன திங்களும் நாளை என்றார்.

கையேட்டில் இன்று எழுதிய வாக்கியம்: ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாய் இல்லாத சோதனை வெறும் வதந்தி. எழுதியபிறகுதான் எனக்கே உறைத்தது. என் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, இதே வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிற இன்னொருவரின் மாதிரி என்னிடம் இல்லை.

மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு ஒரு சிறு குப்பியைக் கொடுத்தேன். எதற்கு என்று சொன்னேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் முகம் சிவந்திருக்கும். அவள் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நாளைக் காலையில வச்சிருதேன்" என்றாள், பால் வாங்கி வைக்கிறேன் என்பதுபோல.

பிப்ரவரி 20, செவ்வாய்

அவளுடையது நீலம்.

குப்பியைப் பாத்ரூம் ஜன்னல் விளிம்பில், துண்டுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அங்கே வை என்று நான் சொல்லவில்லை. குப்பியின் வாயைக் காலண்டர் தாளால் மூடியிருந்தாள். நேற்றைய தேதித் தாள், நான்காக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி, ரப்பர் பேண்டு போட்டது.

அப்படி மூடு என்றும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, புதன்

ஆரஞ்சு. பிளம்பர் வரவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

பிடிபட்டது.

சோதிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, காலைச் சாறு. நானே கேட்டு வாங்கிக் குடிப்பதால் சந்தேகம் அந்தப் பக்கம் போகவில்லை. இன்று பாதித் தம்ளரைக் குடித்துவிட்டு மீதியைச் சோதித்தேன். ஒரு நிமிடத்துக்குள் செங்கல் நிறம். நெல்லிக்காயில் கொஞ்சம் சர்க்கரை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பச்சை வரலாம், மஞ்சள் வரலாம். செங்கல் வராது.

மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன்.

"இதில் என்ன போட்டாய்?"

"நெல்லிக்காயி. ஒரு கல் உப்பு. தண்ணி."

"தேன்? குளுக்கோஸ் பொடி?"

"நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்கத்தான செய்யும் டீச்சர். அதுவா இருக்கும்."

"அது நாக்கின் மயக்கம். இந்தக் கரைசலுக்கு நாக்கு இல்லை."

அவள் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஆக்னஸம்மா வீட்டு வேலைக்காரி மார்க்கெட்ல வச்சு எங்கிட்ட கேக்கா, டீச்சருக்கு என்னத்த வச்சேன்னு. நான் சிரிச்சிக்கிட்டு வந்துட்டேன். இப்ப நீங்களே கேக்கீய."

"கேள்விக்குப் பதில் சொல்."

"உங்க வாய்க்குப் போறதுல நான் ஒரு நாளும் கை வச்சதில்ல."

உங்க வாய்க்கு என்பதை அழுத்திச் சொன்னாள். அப்படியானால் வேறு எதில் கை வைத்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றேன். அவள் அடுப்பிலிருந்த பருப்பை இறக்கி, மூடி வைத்து, மேடையைத் துடைத்துவிட்டு, சாவியை உப்பு ஜாடிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பருப்பில் உப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை குறைவாகத் தெரிந்தது. கொண்டுவந்தவர் எடைபோட்டுக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

மதியம் ரொட்டி. நேற்றும் ரொட்டி.

மார்ச் 1, வெள்ளி

சிஸ்டர் டெல்பினிடமிருந்து கடிதம். தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, முறையாக இருந்தது.

மரியபுஷ்பம் பள்ளி விடுதிச் சமையலறை வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நூற்றிருபது பெண்பிள்ளைகள் சாப்பிடும் இடம். அவள் உணவில் ஏதோ கலந்ததாகத் தன் காதுக்கு வந்திருப்பதால், நான் எழுத்தில் ஒரு சான்று தந்தால் மட்டுமே அவளை எடுக்க முடியும் என்கிறார். உணவு விஷயத்தில் நம்பத்தக்கவரா, நேர்மையானவரா என்று இரண்டு கேள்விகள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் உயிரோடு இல்லை. இந்த ஊரில் என் வீட்டைத் தவிர வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்தேன். சான்று என்றால் சான்று. செங்கல் நிறத்தைக் கண்ணால் பார்த்தவள் நம்பலாம் என்று எப்படி எழுதுவது? எதற்கும் எதிர்ச்சோதனை ஒன்று செய்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 4, திங்கள்

மார்க்கெட்டுக்கு நானே போய் நெல்லிக்காய் வாங்கினேன். நானே கழுவி, நானே இடித்து, நானே பிழிந்தேன். சீனி டப்பா இந்த வீட்டிலேயே இல்லை.

செங்கல் நிறம்.

மறுபடி செய்தேன். செங்கல்.

மார்ச் 5, செவ்வாய்

அரிசிக் கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மை போல நீலக்கறுப்பாகும். அதில் நெல்லிக்காய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்றாவது சொட்டில் நிறம் முழுக்கப் போய்விட்டது. வைட்டமின் சி. அது அயோடினை ஒடுக்கும். தாமிரத்தையும் ஒடுக்கும்.

பெனடிக்ட் கரைசல் குளுக்கோஸைத் தேடுவதில்லை. நீலத் தாமிரத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் எதுவாக இருந்தாலும் அது சிவக்கும். கொடுத்தவரின் பெயரைக் கேட்பதில்லை. உடம்புக்குத் தேவைக்கு மிஞ்சிய வைட்டமின் சி அப்படியே சிறுநீரில் இறங்கிவிடும். இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

மூன்று நாள் சாறு குடிக்காமல் இருக்கப் போகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

நீலம்.

மார்ச் 9, சனி

காலையில் ஆக்னஸ் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"மரியபுஷ்பம் எதையும் கலக்கவில்லை. விஷமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நெல்லிக்காயின் குணத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். நீ யார் யாரிடம் சொன்னாயோ அவர்கள் எல்லோரிடமும் இதையும் சொல்."

"நான் யார்ட்டயும் சொல்லலியே டீச்சர்."

"அப்படியானால் இதையும் அதேபோல் சொல்லாமல் இரு. சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்."

சான்றை எழுதிவிட வேண்டும். அதற்கு முன் கையேட்டைச் சரிசெய்தேன். இந்தச் சோதனையில் நிறம் தரும் பொருட்களை மாணவிகள் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். குளுக்கோஸ், பழங்களின் ஃப்ரக்டோஸ், முளைத்த தானியத்தின் மால்டோஸ், வைட்டமின் சி என்று எழுதிக்கொண்டு வந்தேன். லாக்டோஸ் என்று எழுதி, எங்கெல்லாம் இருக்கும் என்று அடைப்புக்குள் நிரப்பினேன். பாலில். பிரசவத்துக்குப் பிறகு சில மாதம், பாலூட்டும் தாயின் சிறுநீரில்.

பேனாவை மூடிவிட்டேன். மரப்பெட்டியின் அடியில் இராயப்பனுடைய சோதனைப் பதிவேடு இருக்கிறது. இன்று அதைத் திறக்கப் போவதில்லை.

மார்ச் 11, திங்கள்

திறந்தேன்.

பதினோரு வருடம். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில் நீலம், நீலம், நீலம். 1997இல் அவருடைய பாதப் புண் அழுகி, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, அங்கிருந்த இளைய டாக்டர் பல வருடமாகவே சர்க்கரை மிக அதிகமாக இருந்திருக்கிறது என்றார். நான் இந்தப் பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "நோட்டு ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார். அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு நாள் கழித்து இராயப்பன் இறந்தார். அந்த டாக்டருக்குப் பெனடிக்ட் சோதனையின் அருமை தெரியவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

நீலம் இல்லாத இடங்களை மட்டும் இன்று தனித் தாளில் எழுதினேன். முதல் வருடம், 1986 ஆகஸ்டில், ஆறு நாள் ஆரஞ்சும் செங்கலும். அதன்பிறகு ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள், "மாதிரி இல்லை, தூத்துக்குடி, அண்ணன் வீடு". மரியபுஷ்பம் வருடாவருடம் மே மாதம் தன் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லீவு எடுப்பாள், பத்து நாள். 1990 ஜூன் கடைசி முதல் செப்டம்பர் முடிய, "மாதிரி இல்லை, தூத்துக்குடி தபால் நிலையத்தில் தற்காலிகப் பணி". அந்தப் பணியை அவரே கேட்டு வாங்கினார். அந்த மாதங்களில் மரியபுஷ்பம் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள்.

அக்டோபரில் அவர் தூத்துக்குடியிலிருந்தும் அவள் தாய் வீட்டிலிருந்தும் திரும்பி வந்தார்கள். அக்டோபர் 3 முதல் ஜனவரி 20 வரை பச்சை.

அந்தப் பச்சை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். கேழ்வரகுக் களி போட்டேன். சாயந்திரப் பிஸ்கட்டை நிறுத்தினேன். ஜனவரியில் நீலம் திரும்பியபோது என் கண்டிப்பால்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டேன்.

லாக்டோஸ்.

குப்பியை நிரப்புவதை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. கான்வென்டில் வளர்ந்தவள். கணவரே ஆனாலும் பாத்ரூம் வாசலில் காவல் நிற்பது எனக்கு வராது. ஜன்னல் விளிம்பில் துண்டுக்குப் பின்னால், காலண்டர் தாளால் மூடியபடி குப்பி இருக்கும். நான் எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே இருப்பது யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்ச் 12, செவ்வாய்

பிளம்பர் வந்தார். குழாயில் பழுதே இல்லையாம், திருகைச் சரியாக மூடாததுதானாம்.

மார்ச் 14, வியாழன்

பஸ் ஏறிச் சமாதானபுரம் போனேன். மரியபுஷ்பத்தின் மகள் ஜெனிட்டா கதவைத் திறந்தாள். முப்பத்து மூன்று வயது. மருந்துக் கடையில் வேலை. அவளைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, "உள்ள வாங்க டீச்சர்" என்று இரண்டாவது முறை சொன்னாள். இந்தப் பெண்ணுக்காகச் சுரந்த பாலின் சர்க்கரைதான் என் பதிவேட்டில் நூற்றுப் பத்து நாள் பச்சையாக இருக்கிறது.

மரியபுஷ்பம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நெல்லிக்காயில் எதுவும் இல்லை. நான் சொன்னது தவறு" என்றேன். இந்த வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தேன்.

"சரி டீச்சர்."

"இவள் எந்த மாதம் பிறந்தாள்?"

"இதக் கேக்கவா பஸ்ஸேறி வந்தீய?"

"மாதத்தைச் சொல்."

"தொண்ணூறு, ஆடி." சொல்லிவிட்டு அவள் கை நின்றது. கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். "ஜெனிட்டா, டீச்சருக்குக் காப்பி போடு. கதவச் சாத்திக்கோ."

மகள் உள்ளே போனாள்.

"அந்த நோட்டப் பாத்தீயளா?"

"பார்த்தேன்."

"என்னைக்காவது பாப்பீயன்னு தெரியும். அந்தத் தடவ பச்சையா வந்ததும் நீங்க சாருக்குச் சோத்தக் கொறச்சீய. எனக்கு ஒரே அழுக. சார் சிரிச்சாக. உன் பிள்ள பாலு குடிக்கு, நான் களி திங்கேன்னு."

"எப்படித் தொடங்கியது?"

"மொத வருசம் செவப்பு செவப்பா வந்துச்சுல்லா. நீங்க சாரப் பேசாத பேச்சு இல்ல. பொறவு சார் இனிப்ப விடணும்னு நீங்க மூணு நாளு பட்டினி கெடந்தீய."

"இரண்டு நாள்."

"ரெண்டு நாளு. மூணாம் நாளு காலையில சார் குப்பியக் கையில வச்சுக்கிட்டுச் சமையக்கட்டு வாசல்ல நிக்காக. தலைய நிமுத்தல. புஷ்பம், டீச்சர் பட்டினி கெடக்குறதப் பாக்க முடியல, ஒரு நாளைக்கு மட்டும்னாக. எனக்கு இருவது வயசு. நான் என்ன செய்ய?"

"ஒரு நாளைக்கு மட்டும்."

"மறுநாளும் கேட்டாக."

"அவருடைய கால் போனது உனக்குத் தெரியும்."

"தெரியும்." குரல் இறங்கிவிட்டது. "கால எடுத்த அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க அந்த நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு டாக்டர்ட்ட பேசிக்கிட்டு நின்னீய. இதுக்குள்ள எங்க போயிச் சொல்லன்னு திரும்பிட்டேன். இன்னைக்கு வரைக்கும் பூசையில நன்ம அப்பம் வாங்கும்போது அந்தக் காலுதான் கண்ணுல நிக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். நீ அன்றே சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்றேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டேன். "முதல் நாள் சரி. நான் பட்டினி கிடந்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நான் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னைக் கண்டு பயந்தாரா?"

அவள் கீழே வைத்த காம்பை எடுத்து மறுபடி உருவத் தொடங்கினாள்.

"சார் எங்கிட்டச் சொன்னாக. ஆனா செத்தவுக பேச்ச என் வாயால உங்க மொகத்துக்கு நேரா சொல்ல மாட்டேன் டீச்சர். அடிச்சாலும் சொல்ல மாட்டேன்."

ஜெனிட்டா காப்பி கொண்டு வந்தாள். சீனி போட்டிருந்தது. குடித்தேன். தம்ளரைக் கழுவி வைக்க எழுந்தபோது மரியபுஷ்பம் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 19, செவ்வாய். புனித சூசையப்பர் திருநாள்

சிஸ்டருக்கு எழுதும் சான்றை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். உணவில் அவள் எதையும் கலக்கவில்லை. தவறான முடிவு என்னுடையது. சோதனை விவரங்களை இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, நேர்மையானவரா. நேர்மையானவர் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் அவள் பிழைப்பு போகும். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் பதினோரு வருடம் ஒரு பொய்யைச் சுமந்தார் என்று மூன்றாவது வரைவில் எழுதினேன். படித்துப் பார்த்தால் குற்றம் முழுவதும் அவளுடையதுபோல் இருந்தது. மாதிரி யாருடையது என்று உறுதி செய்யாமல் நான்காயிரம் குழாய்களைக் கொதிக்க வைத்தவளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என்னைப் பற்றிச் சிஸ்டர் கேட்கவும் இல்லை.

கடைசியில் அனுப்பியது இது: "முப்பத்தொன்பது வருடம் என் சமையலறை அவர் கையில் இருந்தது. அவர் கையால் சாப்பிட்டு உயிர் வளர்த்தேன். இனியும் சாப்பிடுவேன். உங்கள் பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைக்கலாம்."

இதில் பொய் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

மார்ச் 20, புதன்

கையேடு முடிந்தது. முன்னுரையில் "சோதனை ஒருபோதும் பொய் சொல்லாது" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அதற்குப் பதில்: மாதிரி யாரிடமிருந்து வந்தது என்பதை முதலில் கண்ணால் பார்த்து எழுதுக. நிறத்தைப் பற்றிப் பிறகு எழுதலாம்.

மார்ச் 22, வெள்ளி

மரியபுஷ்பத்துக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

மரியபுஷ்பத்துக்கு,

சிஸ்டர் டெல்பினுக்கு அனுப்பிய சான்றின் நகல் இத்துடன் இருக்கிறது. அதற்கும் கீழே நான் கேட்பதற்கும் சம்பந்தம் இல்லை. நீ பதில் தராவிட்டாலும் அந்தச் சான்று உன்னுடையதுதான்.

பதிவேட்டில் 1986 ஆகஸ்டு 19 முதல் எல்லா நீலத்தையும் அடித்துவிட்டேன். பச்சைக்கு எதிரே ஜெனிட்டாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

அன்று உன்மேல் கோபப்பட்டேன். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

அவர் சொன்னதை வாயால், என் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டேன் என்றாய். சரி. நீ எட்டாம் வகுப்புவரை படித்தவள். தாளுக்கு முகம் இல்லை. அவர் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு உன்னிடம் சொன்ன காரணத்தை, அவர் சொன்ன சொற்களிலேயே எழுது. எனக்காக மாற்றாதே, குறைக்காதே. என்னைக் கண்டு பயந்தார் என்றால் பயந்தார் என்று எழுது.

விடுதி வேலை ஜூனில்தான் தொடங்கும் என்று சிஸ்டர் சொன்னார். அதுவரை இங்கே காலை ஏழு மணிக்கு அடுப்பு சும்மா இருக்கிறது. சாவி உப்பு ஜாடிமேல் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. இது ஒரு தகவல்.

எழுத்தில் பதில் தரவும்.

ஜெசிந்தா இராயப்பன்